பெரியப்பா கேட்ட கேள்வியும் நாடாளுமன்றம் சொன்ன பதிலும்

(அரசமைப்பு நாளையொட்டி, நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். வழக்கமாகக் கூட்டங்களில் "கைப்பேசியை அணைத்து வையுங்கள்" என்பார்கள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. கையிலேயே வெச்சிருங்க, கடைசியில் அதற்கு வேலை இருக்கு.

எங்கள் பெரியப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதாமாதம் பி.எஃப். பென்ஷன் வருகிறது. எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார். ஆயிரத்துச் சொச்சம். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் நாடாளுமன்றச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே கூச்சல், கையில் பதாகைகள், அவை ஒத்திவைப்பு. பெரியப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இப்படிக் கத்தறதுக்குத்தான் நாம ஓட்டுப் போட்டு அனுப்பினமா? எம் பென்ஷனைப் பத்தி அங்க ஒருத்தராச்சும் பேசியிருப்பாங்களா?"

இதழியல் படித்து அரசின் செய்தித் துறையில் வேலை செய்யும் பெண் நான். ஆனாலும் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. "தெரியலைங்க பெரியப்பா" என்றுதான் சொன்னேன். அந்தப் பதிலைத் தேடிப் போனதில் கிடைத்தவற்றைத்தான் இப்போது உங்களிடம் சொல்லப் போகிறேன்.

கெட்ட பெயர் சும்மா வரவில்லை

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். நாடாளுமன்றத்தின் மேல் மக்களுக்கு இருக்கும் சலிப்பு காரணமில்லாமல் வந்ததல்ல.

1952-இல் தொடங்கிய முதல் மக்களவை தன் ஐந்தாண்டுக் காலத்தில் 677 நாட்கள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவை கூடியது 274 நாட்கள். கணக்குப் போட்டுப் பாருங்க. முன்பு ஆண்டுக்குச் சராசரியாக 135 நாட்கள், இப்போது 55 நாட்கள். நடுவே கொரோனா காலம் வந்தது உண்மைதான். ஆனால் கூட்ட நாட்கள் குறைந்துகொண்டே வருவது அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது.

கூடிய நாட்களிலும் முழுதாக வேலை நடப்பதில்லை. 2010-ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் ஏறக்குறைய முழுவதுமே அமளியில் போனது. எந்தக் கட்சி எதிர்க்கட்சி வரிசையில் இருந்தாலும் "எங்களைப் பேச விடுவதில்லை, அதனால்தான் போராடுகிறோம்" என்கிறது. எந்தக் கட்சி ஆளும் வரிசையில் இருந்தாலும் "அவையை நடத்த விடுவதில்லை" என்கிறது. இடம் மாறினால் வசனமும் மாறிவிடும்.

2005-இல் இன்னும் பெரிய அடி விழுந்தது. அவையில் கேள்வி எழுப்புவதற்குப் பணம் வாங்கியதாக ஒரு ரகசியக் கேமரா விசாரணையில் சிலர் சிக்கினார்கள். அந்த டிசம்பரிலேயே மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர் என 11 உறுப்பினர்கள் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவமானம்தான். ஆனால் தண்டித்ததும் அதே அவைகள்தான். 2007-இல் உச்ச நீதிமன்றமும் அந்த அதிகாரத்தை ஏற்றுக்கொண்டது.

அந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ஒரு கேள்விக்கு மதிப்பே இல்லையென்றால் அதற்காகப் பணம் கொடுக்க ஆள் வருமா? கேள்விக்கு நான் பிறகு வருகிறேன். அதற்கு முன், இந்த அவைக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று பார்ப்போம்.

கையில் இருக்கும் சாவிகள்

குடியரசுத் தலைவர், மாநிலங்களவை, மக்களவை ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் நாடாளுமன்றம். மக்களவைக்குத் தேர்தல் மூலம் வருபவர்கள் 543 பேர், அதில் தமிழ்நாட்டிலிருந்து 39 பேர். மாநிலங்களவையின் இடங்கள் 245, அதில் நமக்கு 18.

முதல் சாவி அரசாங்கத்தின் ஆயுள். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு. மக்களவையின் நம்பிக்கை போனால் அரசும் போய்விடும். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு நம்பிக்கை கோரியபோது ஆதரவாக 269 ஓட்டு, எதிராக 270. ஒரே ஒரு ஓட்டில் ஓர் அரசு கவிழ்ந்தது. "என் ஒரு ஓட்டுல என்ன ஆகப்போவுது?" என்று யாராவது கேட்டால் இந்தத் தேதியைச் சொல்லுங்க.

இரண்டாவது சாவி பணம். சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வரி போட முடியாது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. பண மசோதாவில் மக்களவைக்கே கடைசி வார்த்தை. மாநிலங்களவை அதை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பரிந்துரை சொல்லலாம், தடுக்க முடியாது.

மூன்றாவது சாவி சட்டமும் அரசமைப்புத் திருத்தமும். மளிகைக் கடை பில்லில் சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று இரண்டு வரி இருக்கும், பார்த்திருப்பீங்க. 2016-இல் நடந்த 101-ஆவது அரசமைப்புத் திருத்தத்தால் வந்த ஏற்பாடு அது. அந்தத் திருத்தத்துக்கு இரு அவைகளின் சிறப்புப் பெரும்பான்மை மட்டும் போதவில்லை. குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. இந்தத் திருத்த அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான்காவது சாவி மாநிலங்களின் எல்லையும் பெயரும். நம் மாநிலத்தின் பெயரே அங்கே போய்த்தான் மாறியது. 1960-களின் தொடக்கத்தில் "மெட்ராஸ்" என்பதைத் "தமிழ்நாடு" என்று மாற்றக் கோரி மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பூபேஷ் குப்தா. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா அதை ஆதரித்துப் பேசினார். மசோதா தோற்றது. பிறகு அண்ணா முதலமைச்சரானதும் 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1969 ஜனவரி 14 முதல் நாம் தமிழ்நாடு. அன்றைக்குத் தோற்ற பேச்சு சில ஆண்டுகளில் சட்டமாகித் திரும்பி வந்தது.

சாவி இருந்தும் திறக்காத பூட்டுகள்

இவ்வளவு அதிகாரம் இருந்தும் ஏன் பலவீனமாகத் தெரிகிறது? முக்கியமாக இரண்டு காரணங்கள்.

ஒன்று, கொறடா உத்தரவு. காலையில் ஒரு கட்சி, மாலையில் ஒரு கட்சி என்று உறுப்பினர்கள் தாவுவதைத் தடுக்க 1985-இல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் கட்சியின் உத்தரவுக்கு மாறாக ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம் என்றும் ஆனது. அதனால் ஒரு மசோதா மனசாட்சிக்குச் சரியாகப் படாவிட்டாலும் பொத்தானை அமுக்குவதில் உறுப்பினருக்குச் சுதந்திரம் குறைவு.

இரண்டு, நேரம். பட்ஜெட் தாக்கலானதும் ஒவ்வொரு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் அவை விவாதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நாள் போதாது. ஒதுக்கிய கடைசி நாளில், விவாதிக்காத கோரிக்கைகளை மொத்தமாக ஓட்டுக்கு விட்டு நிறைவேற்றிவிடுவார்கள். இதற்கு நாடாளுமன்ற வழக்கில் "கில்லட்டின்" என்று பெயர். லட்சக்கணக்கான கோடி ரூபாய் இப்படி ஒரு வார்த்தை விவாதமில்லாமல் கடந்து போவது உண்டு. அமளியில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் இந்த விவாதத்திலிருந்து கழிகிறது. நஷ்டம் நமக்குத்தான்.

கேள்வி என்ன செய்யும்?

சரி, கேள்விக்கு வருவோம்.

மக்களவை கூடும் நாட்களில் முதல் ஒரு மணி நேரம், காலை 11 முதல் 12 வரை, கேள்வி நேரம். மாநிலங்களவையில் இது பகல் 12 மணிக்கு. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு இப்படி 20 கேள்விகள். நட்சத்திரக் குறியில்லாத கேள்விகள் 230 வரை. இவற்றுக்கு எழுத்துமூலம் பதில். அவை கூச்சலில் ஒத்திவைக்கப்பட்டாலும் எழுத்துமூலப் பதில்கள் மேசையில் வைக்கப்பட்டு ஆவணமாகிவிடுகின்றன. டிவியில் இது வராது.

1957-இல் நடந்ததைக் கேளுங்க. எல்.ஐ.சி. அரசுடைமை ஆகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனப் பங்குகளில் எல்.ஐ.சி. பணம் முதலீடு செய்யப்பட்டதா என்று மக்களவையில் கேள்வி எழுந்தது. முதலில் வந்த பதில் மழுப்பலாக இருந்தது. அந்த டிசம்பரில் பெரோஸ் காந்தி ஆதாரங்களோடு எழுந்து பேசினார். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர். போதாக்குறைக்குப் பிரதமர் நேருவின் மருமகன். பாலிசிதாரர்களின் பணம் சுமார் 1.24 கோடி ரூபாய் அந்த நிறுவனங்களில் போடப்பட்டது பற்றிக் கிடுக்கிப்பிடி போட்டார். நீதிபதி எம்.சி.சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது, விசாரணை மக்கள் முன்னால் வெளிப்படையாக நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர், தமிழ்நாட்டைச் சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சுதந்திரம் வாங்கிப் பதினொரு ஆண்டுகூட நிறையாத நாட்டில், அவையில் எழுந்த ஒரு கேள்வி அவ்வளவு தூரம் போனது.

கேமராவுக்கு வெளியே ஓர் அவை

நாடாளுமன்றத்தின் நிதானமான வேலை குழுக்களில் நடக்கிறது. துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். எல்லாக் கட்சியினரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதிகாரிகளை அழைத்துக் கேட்கிறார்கள். கேமரா இல்லை, கொறடா இல்லை. அதனாலோ என்னவோ கூச்சலும் குறைவு. அரசின் செலவுக் கணக்கைத் துருவும் பொதுக் கணக்குக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தலைவராக இருப்பது மரபு.

மனுக்கள் குழு என்றும் ஒன்று உண்டு, இரு அவைகளிலும். முன்னாள் ராணுவத்தினர் "ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்" கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். அந்தக் கோரிக்கை மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்கு மனுவாகப் போனது. 2011 டிசம்பரில் குழு அதை நியாயம் என்று ஏற்றுப் பரிந்துரை தந்தது. 2015 நவம்பரில் அரசு ஆணை வந்தது. குழுவின் அறிக்கை மட்டுமே அதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன்; தெருவில் நின்று போராடியவர்களின் உழைப்பு அதில் நிறைய. ஆனால் போராடியவர்களின் கையில் நாடாளுமன்றக் குழுவே எழுதிக் கொடுத்த ஓர் ஆவணம் இருந்தது.

நம் ஊர் உதாரணமும் ஒன்று. 2015 ஏப்ரல் 24 அன்று, தமிழ்நாட்டிலிருந்து போன உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்று ஓர் அவையில் நிறைவேறுவது மிக அரிது. அது மக்களவையைத் தாண்டவில்லை. இருந்தாலும் பேச்சு நிற்கவில்லை. 2019-இல் அரசே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தின் மேல் திருநர் அமைப்புகளுக்கு விமர்சனங்கள் உண்டு. ஆனால் முன்பு யாரும் பேசாத ஒரு விஷயம் அவையின் அலுவலுக்குள் வந்துவிட்டது.

இப்போது கைப்பேசியை எடுங்க

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் தேடியபோது நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நீங்களும் செய்யலாம்.

முதலில், கேள்வி யாருக்கு உரியது என்று பார்க்க வேண்டும். ரயில், பாஸ்போர்ட், அஞ்சல், வங்கி, பி.எஃப்., தேசிய நெடுஞ்சாலை இவையெல்லாம் ஒன்றிய அரசின் வேலை. நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். பட்டா, காவல் நிலையம், அரசு மருத்துவமனை மாநில அரசின் வேலை. சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம், முதலமைச்சர் உதவி மைய எண் 1100-ஐ அழைக்கலாம். தெருவிளக்கும் குப்பையும் உள்ளாட்சிக்கு உரியவை. நாம் பெரும்பாலும் எம்.பி.யிடம் தெருவிளக்கு கேட்கிறோம், பி.எஃப். பற்றிக் கேட்பதில்லை. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருப்பதால் அவரைக் கட்டடம் கட்டித் தருபவராகவே பார்த்துப் பழகிவிட்டோம். அமைச்சரைப் பதில் சொல்ல வைப்பது அதைவிடப் பெரிய அதிகாரம்.

இரண்டாவது, நாடாளுமன்றத்தின் இணையதளம். முகவரி சன்சத் டாட் இன். மக்களவை, மாநிலங்களவை இரண்டுக்கும் அதில் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. கேள்விகள் பகுதியில் உறுப்பினர் பெயர், அமைச்சகம் என்று தேடலாம். உங்கள் எம்.பி. எத்தனை கேள்வி கேட்டார், எதைப் பற்றிக் கேட்டார், என்ன பதில் வந்தது என எல்லாம் இருக்கும். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ஓரளவு புரிந்துவிடும்.

மூன்றாவது, எழுதுங்க. உறுப்பினர்களின் மின்னஞ்சல் முகவரி அதே தளத்தில் கிடைக்கும். ஒரு கேள்வியை அவையில் எழுப்ப குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது. நீளமாக வேண்டாம். பிரச்சினை என்ன, எத்தனை பேரைப் பாதிக்கிறது, எந்த அமைச்சகம், கேட்க வேண்டிய கேள்வி என்ன என்று நாலு வரி போதும். நன்றாகத் தயாரித்த கேள்வி கிடைத்தால் அது அவர்களுக்கும் உதவிதான்.

நான்காவது, குழுக்களுக்கும் எழுதலாம். ஒரு மசோதா குழுவின் ஆய்வுக்குப் போகும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு அறிவிப்பு வருவது உண்டு. கால அவகாசம் குறைவாகவே இருக்கும், கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். மனுக்கள் குழுவுக்கும் அனுப்பலாம். விஷயம் ஒன்றிய அரசின் வரம்புக்குள் இருக்க வேண்டும், நீதிமன்றத்தில் வழக்காக இருக்கக் கூடாது.

பெரியப்பாவுக்குச் சொன்ன பதில்

இப்படித் தேடியதில் எனக்கு என்ன கிடைத்தது?

1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்டது. அதை உயர்த்த வேண்டும் என்று பல கட்சிகளின் உறுப்பினர்கள், பல மாநிலங்களிலிருந்து, திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அமைச்சகத்தின் பதில்கள் இருக்கின்றன. தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் 2022-இல் தந்த அறிக்கையில், எட்டு ஆண்டுகளுக்கு முன் நிர்ணயித்த 1,000 ரூபாய் இன்றைக்கு மிகவும் போதாது என்று எழுதியிருக்கிறது.

பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் கைப்பேசியை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப கேட்டிருக்காங்க."

"கேட்டிருக்காங்க பெரியப்பா."

"ஆனா ஏத்தலை."

"ஆமாங்க பெரியப்பா."

அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நாடாளுமன்றக் குழு பரிந்துரைக்கலாம், அரசைக் கட்டாயப்படுத்த முடியாது. கேள்வி கேட்டால் பதில் வரும். பணமும் வந்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

ஆனால் பெரியப்பா அடுத்துக் கேட்டதுதான் என்னை இங்கே வந்து பேச வைத்தது. "நம்ம எம்.பி. கேட்டாரா? அதைப் பாரு கண்ணு." பார்த்தோம். அவர் பெயரில் இந்தக் கேள்வி இல்லை. அன்று சாயங்காலமே பெரியப்பா பழைய மில் நண்பர்கள் ஆறேழு பேரைக் கூட்டிவந்துவிட்டார். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நாலு வரியில் முடிக்கச் சொன்னேன், பதினான்கு வரி ஆனது. முப்பது வருடச் சர்வீஸ், வாங்கும் தொகை, மருந்துச் செலவு எல்லாம் எழுதி, கடைசியில் குழுவின் 2022 பரிந்துரையைக் குறிப்பிட்டு, "இதன் மேல் என்ன நடவடிக்கை?" என்ற ஒரே கேள்வியோடு முடித்தோம்.

கிடைத்தது என்று அந்த அலுவலகத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. கேள்வி இன்னும் அவைக்கு வரவில்லை. பெரியப்பா இப்போது கூட்டத்தொடர் எப்போது தொடங்குகிறது என்று எனக்குப் போன் செய்து கேட்கிறார். டிவியில் அமளி வந்தால் அவர் சத்தத்தைக் குறைப்பதில்லையாம். "கேள்வி நேரம் போச்சேன்னு வயிறு எரியுது" என்கிறார். முன்பு கூச்சல் அவருக்கு வேடிக்கையாகவும் வெறுப்பாகவும் இருந்தது. இப்போது தன் கேள்விக்கான நேரம் பறிபோவதாக அதைப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். உங்கள் ஊர் ரயில்வே கேட், நின்றுபோன ஒரு ரயில், வராத பி.எஃப். பணம், எதுவாகவும் இருக்கலாம். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தத் தளத்தைத் திறந்து, அதை யாராவது கேட்டிருக்கிறார்களா என்று ஒரு தடவை தேடிப் பாருங்க. கேட்டிருந்தால் பதிலைப் படிங்க. கேட்கவில்லையென்றால் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்க.